மூன்றில் முதல் அடி

ஆகஸ்ட் 24, திங்கள்

காலையில் தூறல். தார்ப்பாய் போதவில்லை, கடுக்காய் மூட்டைகள் ஓரமாக நனைந்தன. முதலாளி வருவதற்குள் பாதியை மண்டிக்குள் ஏற்றிவிட்டோம்.

இன்று வாயில் சிக்கிய சொற்கள்: பத்து, புளி, காபி, பெருமாள்.

பெருமாள் லாரி டிரைவர். எடைச்சீட்டில் கையெழுத்து வாங்கக் கூப்பிட வேண்டியிருந்தது. 'ப'விலேயே நின்றுவிட்டேன். அவராகத் திரும்பிப் பார்த்து, "இன்னாய்யா பழனி, வண்டி ஸ்டார்ட் ஆவலியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும். முப்பத்தொரு வயதில் இதற்குச் சிரிக்க நன்றாகவே பழகிவிட்டது.

சடையன் மட்டும் சிரிக்கவில்லை. மூட்டை தூக்குபவன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஊர். திங்கள் இறங்கினால் வெள்ளிதான் மலையேறுவான், அதுவரை மண்டியிலேயே படுக்கை. என் வயதுதான், ஆனாலும் அண்ணே என்பான். மதியம் சோறு பிரிக்கும்போது கேட்டான்:

"அண்ணே, நீ பாடுனா திக்காதுல்ல?"

திக்காது. மார்கழி பஜனையில் ஒரு தடவைகூடத் திக்கியதில்லை. இவனுக்கு யார் சொன்னது?

"எங்கூர்ல ஒருத்தன் இப்டித்தான். மேளம் அடிக்கச்சொல்ல நல்லா பேசுவான்."

பதில் சொல்ல ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும்.

ஆகஸ்ட் 26, புதன்

வெயில். அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்க வேண்டும். (வாங்கவில்லை.)

சடையன் மலையில் கல்யாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் மேளம் அடிப்பவனாம். மண்டியில் மேளம் இல்லை, அதனால் தொடை. மதியம் கால் மணி நேரம். மூன்று எண்ணிக்கை. தகிட, தகிட. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை என்றான்.

குழந்தைகூட எண்ணிவிடும். நானும் எண்ணினேன். ஒன்று இரண்டு மூன்று. சரியாகத்தான் அடித்தேன் என்று நினைப்பு. அவன் முகத்தைச் சுளித்தான்.

"சுவத்துல ஆணி அடிக்கிற மாரி கீது. மூணும் ஒரே கனம். எது ஒண்ணு, எது மூணுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

பிறகு அவன் அடித்துக் காட்டினான். முதல் தட்டு உள்ளங்கையால், மற்ற இரண்டும் விரல் நுனியால். முதலாவதில் ஏதோ உட்காருகிறது. மற்ற இரண்டும் அதிலிருந்து எழுந்து வருகின்றன. கேட்கும்போது புரிகிறது. அடிக்கும்போது போய்விடுகிறது.

ஆகஸ்ட் 28, வெள்ளி

சடையன் மலையேறிவிட்டான்.

மாமா மகன் சேகர் வந்தான். கையில் பசை வாளி, போஸ்டர் கட்டு. எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு அடுத்த மாதம் சாலை மறியல். "வூட்டுக்கு ஒரு ஆளு வரணும். நீ கத்த வேணாம், சும்மா உக்காந்தா போதும்" என்றான். அம்மா சிரித்தாள்.

கேட்பது நியாயம்தான். பத்தாவது படித்த எங்கள் தெருப் பையன்களில் ஒருவனுக்காவது சர்க்கார் உத்தியோகம் உண்டா? ஆனால் எனக்கு வேலை வந்தாலும் இன்டர்வியூவில் பெயர் கேட்பார்கள். பழனி. 'ப'வில் ஆரம்பம்.

செப்டம்பர் 2, புதன்

இரண்டு நாளாகத் தொடையில் தட்டித் தட்டி வலது தொடை சிவந்திருக்கிறது.

தவறுகள்:
1. மூன்றாவதிலிருந்து ஒன்றுக்குப் போகும்போது அவசரப்படுகிறேன்.
2. யாராவது பார்த்தால் நின்றுவிடுகிறேன்.
3. மனதுக்குள் எண்ணுவதற்கும் கை விழுவதற்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. கை எப்போதும் தாமதம்.

மூன்றாவதைச் சொன்னபோது சடையன் சொன்னது: "எண்ணிக்கினே இருந்தா லேட்டுதான் ஆவும். எண்ணாத. நட."

மண்டிக் களத்தில் நடந்தோம். மூன்றாக நடந்தால் ஒரு வேடிக்கை. கனமான அடி ஒரு முறை வலது காலில் விழுகிறது, அடுத்த முறை இடது காலில். கால் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது. நான்காக நடந்தால் இப்படி இல்லை. முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நான் நின்றேன். சடையன் நிற்கவில்லை.

செப்டம்பர் 9, புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

சொற்களை அடியில் வைக்கும் பாடம். சொல்லை ஒன்றில்தான் தொடங்க வேண்டும். "அடி வர்ற வரைக்கும் வார்த்தய வுடாத. நீ அத்தத் தொரத்திக்கினு போற. அது வரும், நீ நில்லு."

ப-ழ-னி. மூன்று எழுத்து, மூன்று அடி. இத்தனை வருடம் என் பெயர் என்னிடமே இருந்திருக்கிறது.

திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆறு சரி. ஏழாவது சிக்கியது. சிக்கும்போதெல்லாம் சடையன் ஒன்றும் பேசாமல் தன் முழங்காலில் தட்டுவான். கையை நெஞ்சு வரை தூக்கி, ஒரு கனமான தட்டு, இரண்டு லேசு. நான் அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்துவிடுவேன்.

அவன் மனைவி பெயர் செல்லி. சாமை அறுப்புக்கு ஆள் இல்லை என்று கவலைப்பட்டான். குழந்தை இல்லை.

செப்டம்பர் 14, திங்கள்

இன்று வந்துவிட்டது.

காலை மண்டிக்கு வரும் வழியில், வாய்க்கால் கரையில். எண்ணவே இல்லை. வேறு எதையோ நினைத்துக்கொண்டு நடந்தேன், தைலம் வாங்காததை. திடீரென்று பார்த்தால் கால் மூன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. வலம் கனம், இடம் கனம். நான் செய்யவில்லை. அது நடக்கிறது, நான் அதன்மேல் போகிறேன். பயமாகக்கூட இருந்தது. நின்றால் போய்விடுமோ என்று மண்டியைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினேன்.

பத்து மணிக்கு லாரி. கட்டைவிரலால் சுட்டுவிரலை மூன்று முறை தட்டினேன். அடி வந்தது. "பெருமாளண்ணே, கையெழுத்து."

அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒன்றும் கவனிக்கவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சடையன் மூட்டைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் ஆட்டினான்.

செப்டம்பர் 17, வியாழன்

மறியல் ஆரம்பம். பஸ் ஒன்றும் இல்லை. சேலம் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். கடைகள் மூடல். சேகர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு காலையிலேயே போய்விட்டான். நான் போகவில்லை. மண்டியும் பூட்டியிருக்கிறது.

சடையன் மண்டி வாசலில். கையில் உப்பு, மண்ணெண்ணெய், செல்லிக்கு ஒரு ரவிக்கைத் துணி. "நாளைக்கு நடந்தே போய்டறேன். நீயும் அடிவாரம் வரைக்கும் வா அண்ணே. அவ்ளோ தூரம் நடந்தா உடம்புல நல்லா ஏறிடும்."

சரி என்றேன்.

செப்டம்பர் 18, வெள்ளி

சடையன் செத்துவிட்டான். மலை ரோட்டில். போலீஸ் சுட்டது.

செப்டம்பர் 20, ஞாயிறு

வெள்ளிக்கிழமை நடந்ததை எழுத முயற்சி.

விடிந்ததும் கிளம்பினோம். வெயில் ஏறுவதற்குள் நல்ல தூரம். வழியில் ஒரு மதகு, அதைத் தாண்டிப் பெரிய புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் ஐம்பது அறுபது பேர். கோஷம். யாரையும் எனக்குத் தெரியாது. எங்கள் இருவரையும் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

சடையன் காலில் முள். மதகுக் கட்டையில் உட்கார்ந்தான். நான் தண்ணீர் குடிக்க மோட்டார் கொட்டகைக்குப் போனேன். முப்பது அடி தூரம். திரும்பும்போது போலீஸ் லாரி. எங்கள் பின்பக்கமிருந்து வந்தது. கூட்டம் கல் எறிந்தது. எறிந்தார்கள்தான், பொய் சொல்லக் கூடாது. பிறகு ஓடினார்கள். துப்பாக்கிச் சத்தம், நான்கோ ஐந்தோ. கூட்டத்தில் இரண்டு பேருக்குக் காலில் அடி. சடையனுக்குக் கழுத்தில்.

உப்பு மூட்டை கிழிந்து ரோடெல்லாம் உப்பு.

என்னையும் லாரியில் ஏற்றி, சாயங்காலம் விட்டார்கள். பெயர் கேட்டார்கள். சொல்ல முடியவில்லை. ஊமை என்று எழுதிக்கொண்டார்கள்.

செப்டம்பர் 23, புதன்

செல்லி தன் அண்ணனோடு இறங்கி வந்தாள். மலையிலிருந்து நடந்தே. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாளாம், எனக்கு இன்றுதான் தெரிந்தது. உடலை மலைக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. இங்கேயே ஆற்றோரம் புதைத்தார்கள். கூட நின்றது ஏழு பேர். மேளம் இல்லை. மறியல் நேரத்தில் மேளம் கூடாது என்றார் ஒரு ஏட்டு.

செல்லி என்னைப் பார்த்து, "நீதான் பழனியா? உன்னப் பத்தி சொல்லுவாரு" என்றாள். அவ்வளவுதான்.

பேப்பரில் வந்திருக்கிறது. கையில் கல்லுடன் போலீசாரைத் தாக்க ஓங்கியவர். இடுப்பில் அரிவாள். பெயர் தெரியவில்லை.

மலையில் எந்த ஆண்பிள்ளை இடுப்பில் கொடுவாள் இல்லாமல் நடப்பான்?

செப்டம்பர் 25, வெள்ளி

சேகரிடம் போனேன். சாதிச் சங்கத்துக்காரர்கள் இறந்தவர்கள் பட்டியல் தயாரிக்கிறார்கள். அதில் சடையன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

"அவன் நம்ம ஆளு இல்லியே பழனி. நம்ம போராட்டத்துல செத்தவன் லிஸ்டுல அவன எப்டிச் சேக்கறது? நாளைக்கு நம்மளையே கேப்பாங்க."

போலீஸ் கணக்கில் அவன் கலவரக்காரன். சங்கத்தின் கணக்கில் அவன் யாருமில்லை.

அக்டோபர் 5, திங்கள்

மழை. மண்டியில் புது ஆள் மூட்டை தூக்குகிறான்.

பதினேழு நாளாக எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

மோட்டார் கொட்டகையிலிருந்து திரும்பும்போது போலீஸ்காரர்கள் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டதை நான் பார்த்தேன். சடையன் பார்க்கவில்லை. அவன் முதுகு அவர்கள் பக்கம். முள்ளைப் பிடுங்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். 'படு' என்று கத்த வேண்டும். ஒரே சொல். இரண்டு எழுத்து.

ப. ப. ப.

உதடு ஒட்டிக்கொண்டது. மூச்சு வெளியே வரவில்லை. நான் வாயைத் திறந்துகொண்டு நிற்பதை அவன் பார்த்தான். சொல் சிக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அது உண்மைதான். எப்போதும்போலக் கையை நெஞ்சு வரை தூக்கினான், முழங்காலில் தட்டிக் கொடுக்க.

ஒரு தட்டு விழுந்தது. கனமானது. இரண்டாவதுக்குக் கை தூக்கினான்.

போலீஸ் பார்த்த ஓங்கிய கை அதுதான்.

அக்டோபர் 12, திங்கள்

துப்பாக்கிச் சூடு பற்றி விசாரணை. பார்த்தவர்கள் அடுத்த மாதம் பயணியர் மாளிகைக்கு வந்து சொல்லலாம் என்று தண்டோரா.

அம்மா: "பேசாம இருடா. உனக்குப் பேசாம இருக்கத்தான் தெரியுமே."

மாலை ஒரு போலீஸ்காரர் மண்டிக்கு வந்தார். பீடி பற்றவைத்துக்கொண்டு முதலாளியிடம், ஆனால் என்னைப் பார்த்து: "இவுரு வாய் பேச மாட்டாராமே. நல்லது. அப்டியே இருக்கட்டும்."

சாட்சி சொல்லப் பெயர் கொடுத்துவிட்டேன். தாலுகா ஆபீசில், எழுதி.

அக்டோபர் 20, செவ்வாய்

வாக்குமூலத்தை மூன்று மூன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் ஒன்றில் விழும்படி. 'ப'வில் தொடங்கும் சொற்களை மாற்றிவிட்டேன். போலீஸ் என்பதற்குக் காவலர். புளியமரம் என்பதற்குச் சாய்ந்த மரம். 'படு'வுக்கு மாற்று இல்லை. அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டேன்.

தினமும் வாய்க்கால் கரையில் நடந்து சொல்லிப் பார்க்கிறேன். இப்போது மூன்று தவறுவதே இல்லை. தூக்கத்திலும் வருகிறது. வேண்டாம் என்றாலும் வருகிறது. குழாய் சொட்டுவதுகூட எனக்கு மூன்றாகத்தான் கேட்கிறது.

நவம்பர் 11, புதன்

அடைமழை. விசாரணை முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

பெரிய ஹால். மேசைக்குப் பின்னால் அதிகாரி, ஐம்பது வயது, ஜலதோஷம். பக்கத்தில் டைப்பிஸ்ட். ஓரத்தில் போலீஸ் தரப்பில் மூன்று பேர். செல்லியும் அவள் அண்ணனும் பின் வரிசையில், தரையில்.

வலது கையை மேசைக்குக் கீழே வைத்து விரலில் தட்டிக்கொண்டே சொன்னேன். ஒரு இடத்தில்கூடச் சிக்கவில்லை. பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் தொடர்ந்து நான் பேசியதே இல்லை. முடித்தபோது உடம்பு லேசாக இருந்தது. செல்லியைத் திரும்பிப் பார்த்தேன்.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "யார் எழுதிக் குடுத்தாங்க?" என்றார்.

"நா-னே எழு-தி-னேன்."

"அப்புறம் ஏன் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்கிறீங்க? மனுஷன் பேசற மாதிரி இல்லையே."

போலீஸ் தரப்பில் ஒருவர் சிரித்தார். டைப்பிஸ்ட் அடிப்பதை நிறுத்திவிட்டார். "மனப்பாடம் செய்து சொன்னதுபோல் உள்ளது, அப்படிப் போட்டுக்கோங்க" என்றார் அதிகாரி.

வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அடி இல்லாமல் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

என் பெயரிலேயே நின்றேன். ப, ப, ப. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. போலீஸ் என்றே சொன்னேன். புளியமரம் என்றே சொன்னேன். எச்சில் தெறித்தது. கழுத்து ஒரு பக்கமாக இழுத்தது. சிரித்தவர் தலையைக் குனிந்துகொண்டார். விட்டுவிட்ட வாக்கியத்தையும் சொன்னேன். படு என்று சொல்ல நினைத்தேன், வரவில்லை, நான் திக்குவதைப் பார்த்து அவன் தட்டிக் கொடுத்தான் என்று. 'படு' வர எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது. முடித்தபோது மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்.

அதிகாரி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "எப்படித் தட்டினாருன்னு காட்டுங்க."

காட்டினேன்.

அவர் டைப்பிஸ்டிடம், "இறந்தவர் கையை மார்பளவு உயர்த்தியதைச் சாட்சி ஒப்புக்கொள்கிறார்" என்றார்.

இல்லை என்றேன். அந்தச் சொல் சிக்கவில்லை. "முழங்காலில் தட்ட. எனக்காக. அதையும் எழுதணும்." இதற்கும் நேரம் ஆனது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு காகிதத்தை வாங்கிப் பேனாவால் தானே ஓரத்தில் எழுதினார். நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே மழையில் செல்லி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். 'படு'வையும். திட்டுவாள் என்று நின்றேன்.

"உனக்குத் தட்டிக்கினு இருந்தாரா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 13, வெள்ளி

முதலாளி: "நாளைலேந்து வர வேணாம் பழனி. போலீசு ரெண்டு தபா வந்துட்டாங்க. நான் வியாபாரம் பண்றவன்."

சேகர் எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறான்.

டிசம்பர் 21, திங்கள்

பனி. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டு. பதினைந்து நாளாக. கை முழுக்கச் சோகை இலை கிழித்த கோடுகள். இங்கே யாருக்கும் யாரோடும் பேச நேரமில்லை. கத்தி விழும் சத்தம் சில சமயம் மூன்றாக அமைகிறது. அமைந்தால் நான் வேறு சாலுக்கு மாறிவிடுகிறேன்.

பிப்ரவரி 3, புதன்

வெயில் ஆரம்பித்துவிட்டது. தாலுகா ஆபீஸ் பலகையில் விசாரணை முடிவு ஒட்டியிருக்கிறார்களென்று தகவல். செல்லிக்கு நேற்றே வெள்ளிமலை பஸ்ஸில் ஆளிடம் சொல்லியனுப்பினேன். பதினொரு மணிக்கு வந்தாள். படிக்கத் தெரியாது, நான்தான் படிக்க வேண்டும்.

சுட்டது தவிர்க்க முடியாதது என்று போட்டிருக்கிறது. போலீஸ்மேல் நடவடிக்கை இல்லை. கீழே தாலுகாவில் சூட்டில் இறந்தவர்கள் பெயர்கள். ஏழாவதாக சடையன், ஊர், வயது. கலவரக்காரர் என்று இல்லை. எதிரே ஒரே ஒரு சொல். அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மெதுவாக, அடி எதுவும் போடாமல், திக்கித் திக்கி. ஆபீசுக்கு வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவசரப்படுத்தவில்லை.

வழிப்போக்கர்.

"அப்டின்னா?"

"ரோட்டுல போ... போ... போய்க்கினு இருந்தவரு."

அவள் பலகையைப் பார்த்தாள்.

"உக்காந்துக்கினு தான இருந்தாரு" என்றாள்.